மட்டக்களப்புப் புகையிரதமும் தெற்குக் கரையும்

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்முனை வீதி வழியாகத் தெற்கே ஏறக்குறைய 20 கிலோமீற்றர் சென்றால் தேற்றாத்தீவு என்னும் ஊர் வரும். கிழக்கே வங்கக் கடல். மேற்கே மட்டக்களப்பு வாவி. இரண்டுக்கும் நடுவே கிடக்கும் ஒடுங்கிய மணல் நிலத்தில் தென்னஞ்சோலைகளும் வீட்டுத் தோட்டங்களும் செறிந்திருக்கின்றன. கலங்கிய நீரைத் தெளியவைக்கும் தேற்றாங்கொட்டையைத் தரும் மரங்கள் முன்னாளில் இங்கு மிகுந்திருந்தமையால் இப்பெயர் உண்டாயிற்று என்று ஊரவர் கூறுவர். கொம்புச்சந்திப் பிள்ளையார் கோயிலும் யூதாததேயு திருத்தலமும் அயலூரவரை இவ்வூருக்கு அழைத்து வருவன.

இவ்வூரில் புகையிரத நிலையம் இல்லை, தண்டவாளமும் இல்லை. ஆயினும், புகையிரதத்தை நம்பி வாழும் ஊர்களுள் இதனையும் ஒன்றாகவே எண்ண வேண்டும். கொழும்பிலே தொழில் பார்ப்பவரும், பல்கலைக்கழகம் செல்லும் மாணவரும், பெரிய வைத்தியசாலைக்குப் போகும் நோயாளரும், கடவுச்சீட்டு அலுவலாகச் செல்வோரும் பெட்டி படுக்கையுடன் வீதிக்கு வந்து, பஸ் ஏறி, கல்லடிப் பாலத்தைக் கடந்து, மட்டக்களப்பு நிலையத்தை அடைகின்றனர். கிராமத்து முதியவர்கள் இன்னும் புகையிரதத்தைக் 'கோச்சி' என்றே குறிப்பர். கோச்சு என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபாகிய இச்சொல், தண்டவாளத்தைக் கண்ணால் காணாத ஊர்களிலும் வீட்டுச் சொல்லாகிவிட்டது.

மட்டக்களப்புப் புகையிரதப் பாதையின் படத்தை விரித்துப் பார்ப்போருக்கு ஒரு விந்தை புலப்படும். மேற்கிலிருந்து வரும் பாதை காட்டையும் குளங்களையும் வயல்வெளிகளையும் ஊடறுத்து, மனிதர் அருகிய இடங்களினூடாக நெடுந்தூரம் ஓடி வருகின்றது. வாவிக்கரையை அடைந்து, ஊருக்கு ஊர் இடைவெளியின்றி மக்கள் வாழும் நிலம் தொடங்கும் இடத்திலே அது நின்றுவிடுகின்றது. இது எவ்வாறு நேர்ந்தது என்பதை அறிய வேண்டுமாயின், பாதை எதற்காக இடப்பட்டது என்பதை முதலில் நோக்க வேண்டும்.

இலங்கையில் முதற் புகையிரதம் 1864 ஆம் ஆண்டு டிசம்பர் 27 ஆம் நாள் கொழும்பிலிருந்து அம்பேபுசைக்கு ஓடிற்று. அது மக்களின் பிரயாண வசதியை முதன்மையாகக் கருதி எழுந்த முயற்சியன்று. மலைநாட்டுக் கோப்பியைத் துறைமுகத்துக்குக் கொண்டுவருவதே அதன் நோக்கம். 1867 இல் பாதை கண்டியை அடைந்தது. கோப்பி நோயால் அழிந்து, தேயிலை அதன் இடத்தைப் பிடித்தபின், பாதை மேலும் மலையேறிற்று. கடற்கரைப் பாதை 1895 இல் மாத்தறையை எட்டியது. வடபாதை 1905 இல் யாழ்ப்பாணக் குடாநாட்டை முழுவதும் இணைத்தது. 1914 இல் தலைமன்னார்ப் பாதை வந்து, கப்பல் வழியே தமிழகத்தைத் தொட்டது. இவ்வளவும் நிகழ்ந்த பின்னரும் கிழக்குக் கரை தண்டவாளம் காணாதிருந்தது.

அக்காலத்தில் மட்டக்களப்பிலிருந்து வெளியே செல்வது எளிதன்று. தரை வழியாயின் செங்கலடியிலிருந்து பதுளைக்குச் செல்லும் நெடுஞ்சாலையைப் பிடித்து மலையேற வேண்டும். கடல் வழியாயின் தீவைச் சுற்றிவரும் நீராவிக் கப்பல்களுக்கும் பாய்மரத் தோணிகளுக்கும் காத்திருக்க வேண்டும். வாவி கடலோடு கலக்கும் முகத்துவாரம் ஆழங்குறைந்தது. மணல் மேடிட்டுக் கோடைகாலத்தில் அடைபட்டும் போகும். வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாரியிலோ, கடல் கொந்தளித்துக் கப்பல்கள் கரையை அணுக இயலாது. ஆகவே, நெல்லும் தேங்காயும் மிகுதியாக விளைந்த இம்மாவட்டம் ஆண்டின் ஒரு பகுதியில் ஏனைய நாட்டிலிருந்து துண்டிக்கப்பட்டது போலவே இருந்தது. பாலைமீன்மடுவில் 1913 இல் எழுந்த வெளிச்சவீடு, கடல்வழியே இம்மாவட்டத்தின் தலைவாயிலாக இருந்த அந்தக் காலத்துக்கு இன்றும் சான்றாக நிற்கின்றது.

கிழக்குப் பாதை வடபாதையிலுள்ள மாகோ சந்தியிலிருந்து பிரிந்து புறப்பட்டது. கலாவெவ, கெக்கிராவை, ஹபரணை ஆகிய இடங்களைக் கடந்து கல்லோயாச் சந்தியில் அது இரண்டாகின்றது. ஒரு கிளை திருக்கோணமலைக்கும், மற்றொன்று மின்னேரியா, பொலன்னறுவை வழியாக மட்டக்களப்புக்கும் செல்கின்றன. கல்லோயா என்றவுடன் அம்பாறைப் பக்கத்துக் கல்லோயாத் திட்டத்தை எண்ணிக்கொள்வோர் பலர். அந்த ஆறு வேறு. இந்தச் சந்தி வேறு. இரண்டுக்கும் இடையே நெடுந்தூரம் உண்டு. திருக்கோணமலைக் கிளையும் மட்டக்களப்புக் கிளையும் 1920களின் பிற்பகுதியில் நிறைவெய்தி, 1928 ஆம் ஆண்டளவில் முழுப்பாதையும் பயன்பாட்டுக்கு வந்தது. ஆங்கில ஆட்சியினர் இலங்கையில் இட்ட பெரும் பாதைகளுள் இதுவே பிந்தியது. மாகோவிலிருந்து மட்டக்களப்பு 212 கிலோமீற்றர். கொழும்பிலிருந்து கணக்கிட்டால் ஏறக்குறைய 350 கிலோமீற்றர்.

இப்பாதை செல்லும் நிலம் பண்டை மன்னர்கள் குளங்கட்டி ஆண்ட நிலம். கலாவெவவும் மகாசேன மன்னன் கட்டிய மின்னேரியாக் குளமும் பராக்கிரம சமுத்திரமும் பாதைக்கு அணித்தாகவே உள்ளன. ஆனால், பாதை இடப்பட்ட நாளில் அக்குளங்களைச் சூழ்ந்திருந்தவை காடும் மலேரியாக் காய்ச்சலுமே. 1930களில் மின்னேரியாவில் குடியேற்றத் திட்டம் தொடங்கியபோது, ஆளையும் பொருளையும் அங்கே கொண்டுசேர்க்கத் தண்டவாளம் ஆயத்தமாயிருந்தது. வறண்ட வலயத்தைத் திறந்துவிடுவதும் திருக்கோணமலைத் துறைமுகத்தை இணைப்பதும் அரசினரின் கருத்தில் முன்னின்றன எனலாம். மட்டக்களப்பு மக்களின் அன்றாடப் போக்குவரத்து அக்கணக்கில் பெரிய இடம் பெற்றிருக்கவில்லை.

புனானைக் காடு அன்று எத்தகையது என்பதற்கு ஒரு செய்தி போதும். குறைந்தது 12 பேரைக் கொன்று, அவ்வழியே செல்வோரை நடுங்கவைத்த சிறுத்தையொன்று 1924 இல் புனானைக்கு அருகே சுட்டுக் கொல்லப்பட்டது. இலங்கையில் ஆட்கொல்லி என்று பெயர் பெற்ற சிறுத்தை அது ஒன்றே என்பர். அந்தக் காட்டின் ஊடாகத்தான் நான்கு ஆண்டுகளின் பின்னர் இரவுப் புகையிரதம் விளக்கெரிய ஓடிற்று.

பாதையை இடுவோருக்கு இரண்டு பெரிய நீர்த்தடைகள் எதிர்ப்பட்டன. ஒன்று மன்னம்பிட்டியில் மகாவலி கங்கை; மற்றொன்று ஓட்டமாவடியில் வாழைச்சேனை வாவி. இரண்டு இடத்திலும் செலவைச் சுருக்கும் நோக்குடன் புகையிரதத்துக்கும் வீதிக்கும் ஒரே இரும்புப் பாலம் கட்டப்பட்டது. பாலத்தின் தளத்திலேயே தண்டவாளம் பதிந்திருக்கும். புகையிரதம் வரும் வேளையில் இரு முனைகளிலும் கடவைகள் மூடப்படும். பஸ்களும் மாட்டுவண்டிகளும் காத்து நிற்கும். கடவை திறந்ததும் அதே தண்டவாளத்தின் மேல் வண்டிகள் உருளும். இவ்விசித்திரம் பல தலைமுறைகளுக்கு நீடித்தது. மன்னம்பிட்டியில் ஜப்பானின் உதவியுடன் வீதிக்கெனத் தனிப்பாலம் 2007 இல் திறக்கப்பட்டது. ஓட்டமாவடியிலும் பின்னர் வீதிப்பாலம் தனியே எழுந்தது. பழைய பாலங்கள் புகையிரதத்துக்கே உரியனவாயின.

மூன்றாவது நீர்த்தடை மட்டக்களப்பு வாவி. இதனைப் புகையிரதம் கடக்கவில்லை. இங்கேதான் தெற்குக் கரையின் கதை தொடங்குகின்றது.

மட்டக்களப்பு வாவி வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடப்பது. வாவியின் கிழக்குக் கரை எழுவான்கரை. மேற்குக் கரை படுவான்கரை. ஞாயிறு எழுவதையும் படுவதையும் கொண்டு அமைந்த இப்பெயர்கள் இப்பிரதேசத்தாரின் அன்றாட வழக்கில் உள்ளவை. படுவான்கரை வயல்நிலம், எழுவான்கரை குடியிருப்பு நிலம். ஒரு கரையிலிருந்து மறுகரைக்குச் செல்ல மண்டூர், அம்பிளாந்துறை முதலிய துறைகளில் ஆளையும் வண்டியையும் ஏற்றிச்செல்லும் மிதவையைப் 'பாதை' என்பர். வேற்றூரார் இச்சொல்லைக் கேட்டு வீதி என்று மயங்குவதுண்டு.

புகையிரதம் வந்தடைந்த மட்டக்களப்பு நிலையம் வாவியின் வடபுறத்துப் பெருநிலத்தில் அமைந்தது. தெற்கே கல்லடிக்கும் அதற்கப்பாலும் செல்ல வேண்டுமாயின் வாவியைக் கடந்தாக வேண்டும். நற்பேறாக, புகையிரதம் வருவதற்கு முன்பே அதற்கு ஒரு வழி பிறந்துவிட்டது. தேசாதிபதி வில்லியம் மனிங்கின் துணைவியார் பெயரைத் தாங்கிய மனிங் சீமாட்டி பாலம் கல்லடியில் 1924 இல் திறக்கப்பட்டது. மக்கள் அதனைக் கல்லடிப் பாலம் என்றே அழைத்தனர். பாடும் மீன்களின் ஓசையை நிலவொளியில் கேட்க வருவோரால் அது நாடெங்கும் பெயர் பெற்றது. ஆனால், பாடும் மீன்களைவிட அப்பாலத்துக்கு முக்கியமான பெருமை ஒன்று உண்டு. 1924 இல் பாலமும் 1928 இல் புகையிரதமும் வந்தன. பாலம் இல்லாதிருந்தால், புகையிரதம் மட்டக்களப்பு நகரோடு நின்றிருக்கும். காத்தான்குடி, தேற்றாத்தீவு, களுவாஞ்சிகுடி, கல்முனை முதலிய ஊரவர்க்கு அது எட்டாத பொருளாயிருந்திருக்கும். தண்டவாளம் விட்ட இடத்திலிருந்து அதன் வேலையைத் தொடர்ந்தது இந்த வீதிப்பாலமே.

பழைய பாலம் ஒடுங்கியது. ஒரு பக்கத்து வண்டிகள் கடக்கும்வரை மறுபக்கத்து வண்டிகள் காத்து நின்றன. புகையிரத நேரத்தைப் பிடிக்கத் தெற்கிலிருந்து வரும் பிரயாணி பாலத்தடியில் பஸ்ஸுக்குள் அமர்ந்து மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்துத் தவித்ததை இப்பகுதியில் அறியாதார் இல்லை. ஜப்பானிய உதவியால் கட்டப்பட்ட புதிய அகலப் பாலம் 2013 மார்ச் மாதத்தில் திறக்கப்பட்ட பின்னரே அத்தவிப்பு நீங்கிற்று. பழைய பாலமும் அருகிலேயே நிற்கின்றது.

ஒற்றைத் தண்டவாளத்தில் புகையிரதம் எவ்வாறு மோதாமல் ஓடுகின்றது என்பது பலருக்கும் எழும் ஐயம். மாகோவிலிருந்து மட்டக்களப்பு வரை உள்ளது ஒற்றைப் பாதையே. இரு நிலையங்களுக்கு இடைப்பட்ட துண்டு ஒன்றில் ஒரு நேரத்தில் ஒரு வண்டி மாத்திரமே செல்லலாம். இதனை உறுதிசெய்ய, இரு நிலையங்களிலும் மின்கம்பியால் இணைந்த பெட்டிகள் இரண்டு வைக்கப்பட்டிருக்கும். அவற்றினுள்ளே வட்டமான வில்லைகள் அடுக்கப்பட்டிருக்கும். ஒரு நிலைய அதிபர் வில்லையை வெளியே எடுக்க வேண்டுமாயின், மறுநிலையத்து அதிபர் தம் பெட்டியில் இணக்கம் தெரிவிக்க வேண்டும். ஒரு வில்லை வெளியே வந்துவிட்டால், அது இரண்டு பெட்டிகளுள் ஒன்றுக்குத் திரும்பும்வரை இன்னொரு வில்லை எங்கும் வெளிவராது. அந்த வில்லையைப் பெரிய வளையமொன்றில் பொருத்தி எஞ்சின் சாரதியிடம் நீட்டுவர். வில்லை கையில் இல்லாத சாரதி வண்டியை எடுக்கமாட்டார். சிறு நிலையங்களில் வண்டி மெதுவாக ஓடும்போதே ஒருவர் வளையத்தை நீட்ட, எஞ்சினில் நிற்பவர் கையை நுழைத்து அதனைப் பற்றிக்கொள்வதைப் பிள்ளைகள் வேடிக்கை பார்ப்பர். ஆயிரம் உயிர்களின் காவல் அந்த ஒரு வில்லையில் இருந்தது.

இம்முறை பாதுகாப்பானது, ஆயின் வேகமானதன்று. எதிர்வண்டி வந்து சேரும்வரை சந்திப்பு நிலையத்தில் நிற்க வேண்டும். ஒரு வண்டி பிந்தினால் அதன் தாமதம் மற்ற வண்டிகளையும் தொற்றும். 350 கிலோமீற்றரைக் கடக்க எட்டு மணி நேரம் வரை செல்வதற்கு ஒற்றைப் பாதையும் ஒரு காரணம்.

நீராவி எஞ்சின்கள் 1950களிலிருந்து படிப்படியாக விடைபெற்றன. கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா வழங்கிய டீசல் எஞ்சின்கள் 1954 முதல் வந்தன. அவற்றுக்குக் கனடாவின் மாகாணங்களின் பெயர்கள் சூட்டப்பட்டிருந்தமையால், ஒன்ராறியோ என்றும் அல்பேர்ட்டா என்றும் பெயர் தாங்கிய எஞ்சின்கள் இலங்கைக் காடுகளினூடே ஓடின. பி. டி. ரம்பாலா பொது முகாமையாளராயிருந்த அக்காலத்தில் கடுகதி வண்டிகளுக்கு அழகிய பெயர்கள் சூட்டும் வழக்கம் வேரூன்றிற்று. 1956 இல் வடக்குக்கு யாழ்தேவி ஓடத் தொடங்கியது. கிழக்குப் பாதையிலே உதயதேவி என்ற பெயர் நிலைத்தது. புலதிசி, மீனகயா ஆகிய பெயர்கள் பிற்காலத்தில் வந்து சேர்ந்தன. ஞாயிறு உதிக்கும் திசைக்குச் செல்லும் வண்டிக்கு உதயதேவி என்பது பொருத்தமான பெயரே.

பாதையோரத்து ஊர்கள் சில இக்காலத்தில் புதுவாழ்வு பெற்றன. வாழைச்சேனையில் 1950களில் எழுந்த காகித ஆலை வைக்கோலையும் மூலப்பொருளாகக் கொண்டு இயங்கியது. கல்குடா நிலையத்தில் இறங்கிப் பாசிக்குடாக் கடலில் நீராட உல்லாசப் பிரயாணிகள் வந்தனர். தெற்குக் கரையின் வெற்றிலைக்கும் தேங்காய்க்கும் தயிருக்கும் மேற்கு மாகாணச் சந்தைக்கு வழி திறந்தது.

அதன் பின்னர் வந்த காலம் துன்பமானது. 1990களில் போர் காரணமாக மட்டக்களப்புக்கான புகையிரதம் பல ஆண்டுகள் நின்றுபோயிற்று. சிலீப்பர் கட்டைகளும் தண்டவாளங்களும் இடம்பெயர்ந்தன. பாதையில் புதர் மண்டிற்று. புகையிரதம் நின்ற அந்த ஆண்டுகளில் தேற்றாத்தீவிலிருந்து கொழும்புக்குப் போக எண்ணிய ஒருவர் வீதித் தடைகளில் இறங்கி ஏறி, பையைத் திறந்து காட்டி, அடையாள அட்டையை நீட்டி, ஒரு பகலையும் ஓர் இரவையும் செலவிட நேர்ந்தது. திருமணத்துக்கும் மரணத்துக்கும் உரிய வேளையில் போய்ச் சேர முடியாதவர் எத்தனையோ பேர். 2002 பெப்ரவரியில் கைச்சாத்தான போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பின், பாதை திருத்தப்பட்டு 2003 இல் புகையிரதம் மீண்டும் மட்டக்களப்பை அடைந்தது.

போர் ஓய்ந்தபின் இப்பாதையின் பெருந்துயர் யானைகள். ஹபரணைக்கும் வெலிக்கந்தைக்கும் இடையே யானைகள் நீர்நிலை தேடிப் பாதையைக் கடக்கும். தண்டவாளத்தின் இருபுறமும் மேடான இடங்களில் அகப்பட்ட யானை விலகியோட வழி காணாது. இருளில் சாரதிக்கும் அதனைத் தூரத்தில் காண இயலாது. 2025 பெப்ரவரி 20 ஆம் நாள் அதிகாலையில் மட்டக்களப்பிலிருந்து கொழும்பு நோக்கிச் சென்ற மீனகயா யானைக் கூட்டமொன்றில் மோதித் தடம்புரண்டது. குறைந்தது ஆறு யானைகள் இறந்தன. அதன்பின் இரவு வண்டிகளின் நேரத்தை மாற்றவும் வேகத்தைக் கட்டுப்படுத்தவும் நேர்ந்தது. யானையின் நிலத்தில் தண்டவாளம் சென்றதேயன்றித் தண்டவாளத்தின் நிலத்துக்கு யானை வரவில்லை. எனவே இக்கட்டுப்பாட்டைப் பிரயாணிகள் குறைகூறுவது முறையாகாது.

இனி, காட்டினூடே ஓடும் நெடுந்தூரப் பாதையிலிருந்து முற்றும் வேறுபட்ட புறநகர்ப் புகையிரதத்தை நோக்கலாம். கிழக்கிலிருந்து கொழும்பு செல்லும் தமிழர் பலர் கோட்டை நிலையத்தில் இறங்கி, கடற்கரைப் பாதை வண்டியில் மாறி, வெள்ளவத்தையில் இறங்குவர். கடலலை கால்தொடும் தூரத்தில் உள்ள அந்தச் சிறு நிலையம் ஒரு நாளில் அடையும் பரபரப்பு வியப்பைத் தருவது. காலையில் கந்தோருக்கும் பாடசாலைக்கும் செல்வோர் மேடையில் நெருக்கியடித்து நிற்பர்; சில நிமிடங்களுக்கு ஒருமுறை வண்டி வரும். 'சீசன்' என்று வழங்கும் பருவகாலச் சீட்டை வாங்கிவைத்திருப்போர் நாளாந்தம் சீட்டெடுக்கக் காத்திருப்பதில்லை. சென்னையில் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை மின்சார வண்டிகள் 1931 இலேயே ஓடத் தொடங்கின. அங்கே புகையிரதம் போன வழியிலேயே நகரமும் தெற்கு நோக்கி வளர்ந்தது.

புறநகர்ப் புகையிரதம் சிறக்க வேண்டியவை சில. ஊர்கள் பாதையோரமாக ஒன்றையொன்று தொட்டு நிற்க வேண்டும். நாள்தோறும் ஒரே திசையில் போய் வருவோர் பலர் இருக்க வேண்டும். வண்டி அடிக்கடி வர வேண்டும். நின்றவுடன் விரைந்து புறப்பட வேண்டும். இரு முனைகளிலும் சாரதி இருக்கை உள்ள வண்டித் தொடர் இதற்கு ஏற்றது. சாதாரண வண்டியாயின், முனை நிலையத்தை அடைந்ததும் எஞ்சினைக் கழற்றி, பக்கத் தண்டவாளத்தால் ஓட்டிச் சென்று, மறுமுனையில் பூட்ட வேண்டும். இருமுக வண்டியில் சாரதி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து சென்றால் போதும்.

இவ்விலக்கணத்தை மனத்திற்கொண்டு கல்லடியிலிருந்து தெற்கே செல்லும் வீதியை நோக்கினால் உண்மை விளங்கும். கல்லடி, நாவற்குடா, காத்தான்குடி, ஆரையம்பதி, தாழங்குடா, கிரான்குளம், குருக்கள்மடம், செட்டிபாளையம், மாங்காடு, தேற்றாத்தீவு, களுதாவளை, களுவாஞ்சிகுடி, கல்லாறு, மருதமுனை, கல்முனை என்று ஊர்கள் மணிமாலைபோல் தொடர்கின்றன. இவற்றுள் காத்தான்குடி நாட்டிலேயே மக்கள் மிக நெருங்கி வாழும் இடங்களுள் ஒன்று. இத்தனை ஊரவர்க்கும் வடக்கு தெற்காகச் செல்லும் பெருவீதி ஒன்றே. ஆசிரியரும் மாணவரும் எழுதுவினைஞரும் வியாபாரிகளும் அதே வீதியில் அதே வேளையில் செல்கின்றனர். இலங்கையில் மேல்மாகாணக் கரைக்கு அடுத்தபடியாகப் புறநகர்ப் புகையிரதத்துக்கு இதைவிடப் பொருத்தமான நிலத்தொடரைக் காண்பது அரிது. புனானைக் காட்டில் ஓடும் வண்டி, இந்நிலத்தின் வாசலோடு திரும்பிவிடுகின்றது.

பாதையைக் கல்முனைக்கும் அதற்கப்பால் பொத்துவிலுக்கும் நீட்ட வேண்டும் என்னும் குரல் அவ்வப்போது எழுந்ததுண்டு. இது நடவாத காரியமென்று தள்ளுவோர் மாத்தறைப் பாதையை நினைத்துப் பார்க்க வேண்டும். 1895 இல் மாத்தறையோடு நின்ற பாதை, 124 ஆண்டுகள் கழித்து, 2019 ஏப்ரலில் பெலியத்தை வரை நீண்டது. அந்த நீட்டம் ஏறக்குறைய 27 கிலோமீற்றர். மட்டக்களப்பிலிருந்து களுவாஞ்சிகுடி வரையிலான தூரமும் ஏறக்குறைய அவ்வளவே. அங்கே குன்றுகளைக் குடைந்து சுரங்கம் அமைக்க வேண்டியிருந்தது. இங்கே குன்றே இல்லை; நிலம் சமமானது.

ஒற்றைப் பாதையாயினும் போதுமா என்று வினவலாம். ஓர் எளிய கணக்கு இதற்கு விடை தரும். மட்டக்களப்பிலிருந்து கல்முனை ஏறக்குறைய 40 கிலோமீற்றர். 10 கிலோமீற்றருக்கு ஒன்றாக வண்டிகள் மாறிக்கொள்ளும் நிலையங்களை அமைத்தால், மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு துண்டைக் கடக்க 12 நிமிடம் செல்லும். எதிர்த்திசை வண்டிக்கும் 12 நிமிடம். அனுமதி மாற்றவும் ஆட்களை ஏற்றி இறக்கவும் மேலும் சில நிமிடங்கள். ஆகவே அரைமணிக்கு ஒரு வண்டி இரு திசையிலும் செல்லலாம். காலை மாலை நெருக்கடியைத் தணிக்க அது ஓரளவு போதுமானது. இரட்டைப் பாதையின் செலவு தொடக்கத்தில் வேண்டியதில்லை.

தடைகள் வேறிடத்தில் உள்ளன. முதலாவது, நிலம். எழுவான்கரையின் மணல்திட்டு மிக ஒடுங்கியது. வீதியின் இருமருங்கும் வீடுகளும் கோயில்களும் பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் நிறைந்துள்ளன. கடலோரமாகப் பாதையை இட்டால் வீடுகள் குறைவாக அழியும். ஆனால், 1978 நவம்பர் 23 ஆம் நாளைய சூறாவளியையும் 2004 டிசம்பர் 26 ஆம் நாளைய ஆழிப்பேரலையையும் இக்கரை மறக்கவில்லை. ஆழிப்பேரலை வந்த அதே காலையில் தென்மேற்குக் கரையில் பெரலிய என்னுமிடத்தில் கடலோரமாக நின்ற புகையிரதத்தை நீர் புரட்டி ஆயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொன்றது. உலகப் புகையிரத வரலாற்றில் அதைவிடக் கொடிய விபத்து அரிது. எனவே கடலோரப் பாதையை எளிதாக எண்ணிவிட இயலாது.

வாவியோரமாக இட்டாலோ வேறு சிக்கல் உண்டு. மாரியில் படுவான்கரை வயல்களிலிருந்தும் ஆறுகளிலிருந்தும் வரும் வெள்ளம் வாவியை நிரப்பிக் கரைமேல் ஏறும். முகத்துவாரத்தை வெட்டிவிட்டுத்தான் நீரை வடிப்பர். அங்கே புகையிரதத்துக்கு உயரமான மண்மேடு எழுப்பினால், அது அணைக்கட்டுப்போல் நின்று ஊர்களுக்குள் நீரைத் தேக்கிவிடும். போதிய மதகுகளும் தூண்பாலங்களும் வேண்டும், செலவு ஏறும். படுவான்கரைப் பக்கமாக இட்டால் நிலம் எளிதில் கிடைக்கலாம். ஆனால் வயல்கள் அழியும், மக்களோ மறுகரையில் இருப்பார்கள். மிதவையில் வாவியைக் கடந்து புகையிரதம் பிடிக்க எவர் செல்வர்? எந்தப் பக்கமாக இடினும், கல்லடிப் பக்கத்தில் வாவியைக் கடக்கவோ சுற்றவோ ஒரு புதிய பாலம் இன்றியமையாதது. 1924 இல் வீதிப்பாலம் கட்டியபோது தண்டவாளத்துக்கும் அதில் இடம் விட்டிருந்தால் என்ற எண்ணம் தோன்றாமற் போகாது. மன்னம்பிட்டியிலும் ஓட்டமாவடியிலும் அவ்வாறு செய்தவர்கள் கல்லடியில் செய்யவில்லை.

இதற்கிடையே செய்யக்கூடிய சிறு காரியங்களும் இருக்கின்றன. புகையிரதம் வரும் நேரத்தையும் தெற்குக்கரைப் பஸ்களின் நேரத்தையும் பொருத்தி வைப்பது அவற்றுள் ஒன்று. இரவு வண்டி விடியற்காலையில் வந்து சேரும்போது கல்முனைப் பஸ் நிலைய வாசலிலேயே நிற்குமாயின், களைத்து வந்த தாயும் பிள்ளையும் மூட்டை முடிச்சுகளோடு பஸ் நிலையம் தேடி அலைய வேண்டியதில்லை. கொழும்பு வரைக்கும் ஒரே சீட்டைக் களுவாஞ்சிகுடியிலேயே பெறும் வசதி மற்றொன்று. பஸ்ஸுக்கும் புகையிரதத்துக்கும் பொதுவான சீட்டு பல நாடுகளில் நடைமுறையில் உள்ளது. இவற்றுக்குத் தண்டவாளமும் வேண்டாம், பாலமும் வேண்டாம்.

ஆனால் பாதையை நீட்டும் எண்ணம் உண்மையாகவே இருக்குமாயின், நில அளவை ஒன்று முதலில் நடந்தாக வேண்டும். செல்லும் வழியை வரைந்து, அந்நிலத்தில் புதுக் கட்டடம் எழாதபடி ஒதுக்கி வைப்பதற்கு அதிகப் பணம் தேவையில்லை. செட்டிபாளையத்துக்கும் களுதாவளைக்கும் இடையே இன்னும் ஆங்காங்கே வெறுந்தோப்புகள் இருக்கின்றன. தோப்புகள் வளவுகளாகப் பிரிந்து, ஆண்டுக்கு ஆண்டு மதில்களும் வீடுகளும் எழுந்து வருகின்றன.